மங்கை டீச்சரின் இரும்புப் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மண்ணூர்பேட்டையில் என் பட்டறை வாசலில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. வேலை நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அமைச்சரே கூப்பிட்டாலும் எடுத்ததில்லை. அமைச்சர் என்றைக்குக் கூப்பிட்டார் என்று என் தங்கை மகள் கீர்த்தனா கேட்பாள். அன்று கூப்பிட்டது அவள்தான். மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தேன்.

"மாமா, மங்கை டீச்சர் போய்ட்டாங்க. காலைலதான். மாரடைப்பாம். வெள்ளானூர் ஊட்டுலதான் வச்சிருக்காங்க."

"சரிம்மா" என்றேன். ஒரு மணி நேரம் மைக் இல்லாமல் பேசக்கூடியவன் நான். ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டேன். முகமூடியை இறக்கிக்கொண்டு மறுபடியும் வெல்டிங் ராடைப் பிடித்தேன். அந்த முகமூடிக்குள் ஒரு ஆள் என்ன செய்கிறான் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. அந்தக் கேட்டில் அன்று நான் வைத்த ஒட்டு கோணல். முப்பது வருடத்தில் முதல் கோணல்.

பழைய மாணவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் தலைவரே என்று கேட்டார்கள். டீச்சரைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் தேவராஜ். நம் அரசுப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒன்பது வருடம் தலைவராக இருந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கை படாத கேட் கிடையாது. ஒன்பதாவது வரைக்கும் படித்தேன். பத்தாவது வகுப்பை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், உள்ளே கூட்டமாக இருந்தது, திரும்பிவிட்டேன். ஆகவே எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கீர்த்தனாவிடம் காட்டித்தான் அனுப்புகிறேன். அவள் சிவப்புப் பேனாவால் ஆறு இடத்தில் அடித்தாள். நான்கு எழுத்துப்பிழை, இரண்டு புளுகு என்றாள்.

மங்கையர்க்கரசி என்பது டீச்சரின் முழுப்பெயர். அறிவியல் எடுத்தார். நான் அவரை முதலில் பார்த்தது எட்டாம் வகுப்புக்கு டியூப்லைட் மாட்டப் போனபோது. ஏணியில் நானே ஏறி நான்கு லைட் மாட்டினேன். நான் கொடுக்கும் எந்தப் பொருளிலும் 'உபயம்: மு. தேவராஜ், தலைவர்' என்று எழுதித்தான் கொடுப்பேன். மின்விசிறியின் இறக்கையில் எழுதியிருக்கிறேன். சுற்றும்போது தெரியாது, நிற்கும்போது தெரியும். எங்கள் பகுதியில் கரன்ட் அடிக்கடி நிற்கும், அதனால் கவலை இல்லை. டியூப்லைட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சிவப்பு பெயின்ட்டில் எழுதியிருந்தேன். சுவிட்சைப் போட்டார் டீச்சர். அண்ணாந்து பார்த்தார்.

"தலைவரே, பசங்க படிக்கத்தான லைட்டு? உங்களைப் படிக்கிறதுக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. ஆனால் மறுநாள் அவரே டீ வாங்கிக் கொடுத்து, "பெஞ்ச் கால் ரெண்டு ஆடுது, வாங்க" என்றார். அப்படித்தான் பழக்கம் ஆனது.

அடுத்த வருடம் ஒரு நாள் பட்டறைக்கே வந்தார். "ஒரு இரும்புப் பெட்டி வேணும் தலைவரே. பூட்டு மாட்டுற மாதிரி. மேல காகிதம் போடுற அளவுக்கு ஒரு வாய் மட்டும் போதும்." நான் எதற்கு என்று கேட்கவில்லை. பூட்டும் வாயும் என்றால் உண்டியல்தானே என்று நினைத்துக்கொண்டேன். கட்டட நிதிக்கு வசூல் செய்யப்போகிறார், என் பெயர் பக்கத்தில் இருந்தால் நாலு பேர் தாராளமாகப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். கெட்டித் தகட்டில் செய்தேன். யானை ஏறி நின்றாலும் நசுங்காது. மஞ்சள் பெயின்ட் அடித்து, முன்பக்கம் முழுக்க உபயம் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னால நீங்களே வருத்தப்படுவீங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை.

அது உண்டியல் அல்ல. எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் என்று ஒரு பாடம் இருக்கிறது. உடம்பு எப்படி வளர்கிறது, மாதவிலக்கு என்றால் என்ன, குரல் ஏன் உடைகிறது என்றெல்லாம் சொல்லும் பாடம். அதுவரைக்கும் அந்தப் பாடம் வந்தால் வாத்தியார்கள் "இதை ஊட்டுல படிச்சிக்கோங்க" என்று சொல்லித் தாண்டிவிடுவது வழக்கம். மங்கை டீச்சர் தாண்டவில்லை. பிள்ளைகள் எழுந்து கேட்க வெட்கப்படுவார்கள், அதனால் பெயர் எழுதாமல் சீட்டில் எழுதி அந்தப் பெட்டியில் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து, கேள்விகளைப் போர்டில் எழுதி, பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போதே பதில் சொன்னார். சீட்டுகளை அன்றே கிழித்துப்போட்டுவிடுவார். "பெட்டில போட்டது பெட்டியோட" என்பது அவர் வகுப்பில் போட்ட சட்டம். யார் எழுதியது என்று கண்டுபிடிக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது.

அந்தக் கேள்விகள் எல்லாம் எப்படிப்பட்டவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். 'எனக்கு மட்டும் மீசை வரல, நோயா?' என்று ஒன்று. 'ஷேர் ஆட்டோல ஒருத்தர் வேணும்னே இடிக்கிறார், கத்தினா என் பேர்தான் கெடுமா?' என்று ஒன்று. இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது என்று இப்போது கேட்கிறேன். அப்போது கேட்கவில்லை.

ஒரு பையன் போர்டில் இருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு போனான். அவன் அப்பா அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கூடவே பெட்டியின் போட்டோவும். அதில் என் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"இன்னா மாமே" என்றான் ஏகாம்பரம். அவன் என் சிநேகிதன், எங்கள் சாலைச் சந்திப்பில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். "உன் உபயத்துல பசங்களுக்கு கண்டதையும் சொல்லித் தர்றாங்களாமே? உன் பேரு பூந்தமல்லி வரைக்கும் போய்கினு கீது."

எதிர்ப்பக்கம் புதிதாக வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஆட்களும் அவர்கள் குரூப்பில் விவாதம் நடத்தினார்கள் என்று கேள்வி. வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. அவர்கள் பிள்ளைகள் ஒருவர்கூட எங்கள் பள்ளியில் படிக்கவில்லை, அது வேறு விஷயம்.

எனக்கு மானம் போய்விட்டது. அன்றே மனு எழுதினேன். அந்தப் பாடத்தை நிறுத்த வேண்டும், அந்த ஆசிரியையை மாற்ற வேண்டும். முதல் கையெழுத்து நான்தான். இந்த விஷயம் உங்களில் பலருக்குத் தெரியாது. டீச்சருக்கு ஆதரவாக நின்ற தலைவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் என்னைப் புகழ்ந்தார். நானே பல இடத்தில் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறேன். அது பொய். நூறு கையெழுத்து வாங்கினேன் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அதுவும் பொய். முப்பத்தொன்று. அதில் நான்கு, இடது கையால் நான் போட்டவை.

மனு போன மறுநாளே தலைமை ஆசிரியர் பாடத்தை நிறுத்திவைத்தார். பாதியில் நின்றது. சரியாக அந்த மாதவிலக்குப் பக்கத்துக்கு முன்னால்.

இரண்டு வாரம் கழித்து என் தங்கை வசந்தா அழுதுகொண்டே போன் செய்தாள். சந்தோஷ அழுகை. "அண்ணே, கீர்த்தனா பெரிய மனுஷியாயிட்டா. நான் கம்பெனிக்கு ஷிஃப்ட் போயிருந்தேன். மங்கை டீச்சர்தான் ஊட்டுக்கு கூட்டினு வந்து விட்டாங்க." கீர்த்தனா அப்போது எட்டாம் வகுப்பு. டீச்சர் கடமையைச் செய்திருக்கிறார் என்று நினைத்ததோடு சரி. எனக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது. தாய்மாமன் நான் ஒருவன்தான்.

அந்த மஞ்சள் நீராட்டு விழாவைப் போல மண்ணூர்பேட்டை அதற்கு முன் பார்த்ததில்லை. ஐம்பத்தொரு தட்டு வரிசை. தாரை தப்பட்டை. ஆயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தேன், கீர்த்தனா அடித்துவிட்டு முந்நூறு என்று போட்டாள். சந்திப்பில் ஏகாம்பரம் கைவண்ணத்தில் இருபதடி பேனர். இங்கே யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் நான் ஒரு பேனர் வைத்துவிடுவேன், என் போட்டோ இல்லாத விசேஷம் எங்கள் தெருவில் கிடையாது. இந்தப் பேனரில் கீர்த்தனா பட்டுப்பாவாடையில் ஒரு ஓரமாக நின்றாள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கும்பிட்டபடி நான்.

டீச்சர் வந்தார். மனு கொடுத்தவன் வீட்டு விசேஷத்துக்கு வந்தார். நேராக உள்ளே போய்க் கீர்த்தனா பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்தது, பிடித்ததுதான், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை விடவில்லை. கிளம்பும்போது பேனருக்குக் கீழே என்னைப் பார்த்தார்.

"பெரிய பேனர் தலைவரே."

"இருபதடி டீச்சர். அம்பத்தூர்லயே பெருசு."

"பஸ்ல போறவன் வரைக்கும் எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் யாரும் சொல்லக் கூடாதா?"

குரலை உயர்த்தவில்லை. குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார். நான் பதில் ஏதோ சொன்னேன். நம்ம வழக்கம் வேற, பாடம் வேற என்று. அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முதல்முறை கீர்த்தனாவின் முகம் அதில் எவ்வளவு சின்னது என்று பார்த்தேன். பார்த்தேனே தவிர மனுவைத் திரும்ப வாங்கவில்லை. வாங்கினால் ஏகாம்பரம் முகத்தில் எப்படி முழிப்பது?

விசாரணை தலைமை ஆசிரியர் அறையில் நடந்தது. ஓர் அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர்தான். டீச்சரிடம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பாடத்தை நீங்க இப்படி நடத்துறதால யாருக்காவது பிரயோஜனம் ஆகியிருக்கா? இல்ல, நடத்தாததால யாராவது கஷ்டப்பட்டாங்களா? ஒரு உதாரணம் சொல்லுங்கம்மா. எழுதிக்கிறேன்."

டீச்சர் மடியில் கைப்பை இருந்தது. கை அதன் மேல் போனது. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"உதாரணம் இருக்கு சார். அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல."

"உதாரணமே இல்ல சார், அதான் விஷயம்!" என்று நான் எழுந்து கத்தினேன். மூன்று வகுப்பு தள்ளிக் கேட்டதாம் என் குரல். என்னோடு வந்த பெற்றோர் நாலு பேர் கை தட்டினார்கள். இந்த ஒரு இடத்தில் கீர்த்தனா எதையும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

டீச்சருக்கு மாற்றல் வந்தது. பூந்தமல்லியையும் தாண்டி ஒரு பள்ளிக்கூடம், இரண்டு பஸ் மாற வேண்டும். கடைசி நாளன்று அந்த மஞ்சள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பூட்டியிருந்தது.

"உங்க பேரு எழுதியிருக்கு. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"சாவி?"

"சாவி யாருகிட்ட இருக்கணுமோ அங்க இருக்கு."

அவர் போனபின் ஆட்டிப் பார்த்தேன். உள்ளே காகிதம் ஒன்று வழுக்கி ஓடும் சத்தம். கட்டிங் மெஷினை எடுத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் என் பெயர் எழுதிய பொருளை நானே அறுப்பதா என்று கௌரவம் தடுத்தது. பரணில் தூக்கிப் போட்டேன். அதன் மேல் பழைய கீல்களும் போல்ட்டும் ஏறின. எட்டு வருடம்.

நடுவில் ஒருமுறை கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்தேன், என் உடம்புக்கு அங்கே ஒளிய இடம் இல்லை. அவரே கூப்பிட்டார். "தலைவரே, எங்க புது ஸ்கூல்லயும் லைட் எரியல. வந்து மாட்டிக் குடுங்க. பேரு எழுதாம." போனேன். மாட்டினேன். பேர் எழுதாமல் கை வரவில்லை, சின்னதாக ஓரத்தில் எழுதிவிட்டேன். அங்கே அவர் மேஜையில் மூடியில் வாய் வெட்டிய ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. "இங்க பாடம் நடக்குது" என்றார். "பெட்டி மட்டும் உங்களது மாதிரி கெட்டியா இல்ல." ஒரு சொல்கூடக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வெள்ளானூரில் அடக்கம் முடிந்து பட்டறைக்குத் திரும்பினேன். வரும் வழியிலேயே ஏகாம்பரத்திடம் கண்ணீர் அஞ்சலி பேனர் சொல்லியாகிவிட்டது. பதினைந்தடி, கீழே கும்பிட்டபடி நான். கீர்த்தனா என் பின்னாலேயே வந்தாள். இப்போது அவள் அம்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள்.

"மாமா, அந்த மஞ்சள் பெட்டி இன்னும் உங்ககிட்ட கீதா?"

பரணிலிருந்து இறக்கினேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன சாவியை எடுத்தாள்.

"உன்கிட்ட எப்படிம்மா?"

"டீச்சர் குடுத்தாங்க. மாற்றலாகிப் போற அன்னிக்கு. 'உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப திற, தோணலைன்னா திறக்கவே வேணாம்'னாங்க."

பூட்டு துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுத் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு சீட்டு. கோடு போட்ட நோட்டுக் காகிதம். என் கையில் கொடுத்தாள். அவள் அனுமதியோடு அதை அப்படியே எழுதுகிறேன்.

'டீச்சர், பாடம் நின்னு போனதால இங்க எழுதுறேன். ரெண்டு நாளா எனக்கு ரத்தம் போகுது. உள்ள ஏதோ அறுந்துடுச்சின்னு நெனைக்கிறேன். அம்மாகிட்ட சொல்லல, பயந்துடுவாங்க. நான் செத்துட்டா எங்க மாமா பேனர் வைப்பாரு. அதுல ஆதார் போட்டோ போட வேணாம்னு சொல்லுங்க. அதுல நான் நல்லா இல்ல.'

கையெழுத்தைப் பார்த்ததும் டீச்சருக்குத் தெரிந்துவிட்டதாம். போட்ட சட்டத்தை அந்த ஒரு முறை அவரே மீறி, கீர்த்தனாவைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாம் சொல்லி, வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். விசாரணையன்று அந்தச் சீட்டுதான் கைப்பையில் இருந்ததாம், பிறகுதான் பெட்டியில் போட்டுப் பூட்டியிருக்கிறார். அதை எடுத்து நீட்டியிருந்தால் மனுவும் நானும் அந்த அறையிலேயே காலி. என் தங்கை மகளின் பயத்தை என் முன்னால் போட்டு உடைத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனார்.

"ரெண்டு நாளு" என்றேன். "ரெண்டு நாளு செத்துடுவோம்னு நெனைச்சிகினா இருந்த?"

"ஆமா மாமா" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள்.

நான் ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன். "பேனர்ல என் போட்டோவை எடுத்துடு."

"மாமே, உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"எடுத்துடுன்னா எடு."

"சரி, பேரு?"

"பேரையும் எடு. டீச்சர் மட்டும் போதும்."

"டீச்சர் ஊட்டுலேர்ந்து ஒரு போட்டோதான் மாமே அனுப்பியிருக்காங்க, ஆதார் கார்டுல கீற..."

கீர்த்தனா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "வேணாண்ணா. நான் வேற அனுப்புறேன்." அவள் செல்போனில் இருந்த படம். டீச்சர் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். நம் சந்திப்பில் நீங்கள் பார்த்த பேனரில் இருப்பது அந்தச் சிரிப்புதான். யார் வைத்தது என்று பலர் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன், அது என் பிறவிக் குணம்.

போன வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அதே பாடம், அதே சண்டை. புதிதாக வந்த அறிவியல் டீச்சர் நடத்துகிறேன் என்கிறார், சில பெற்றோர் கூடாது என்கிறார்கள். ஒருவர் எழுந்து, "இதனால யாருக்கு இன்னா பிரயோஜனம்? ஒரு உதாரணம் சொல்லு பார்ப்போம்" என்றார். எட்டு வருடத்துக்கு முந்தைய என் குரலேதான். முன்னாள் தலைவர் பேசட்டும் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பின் வரிசையிலிருந்து கீர்த்தனா எழுந்து தானே சொன்னாள். முழுக்கச் சொன்னாள், ஆதார் போட்டோ உட்பட. கேள்வி கேட்டவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் நடக்கட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். பையன்களையும் பெண்களையும் சேர்த்தா, தனித்தனியாகவா என்பதில் இன்னும் இழுபறி. அடுத்த கூட்டத்திலும் சத்தம் இருக்கும்.

மஞ்சள் பெட்டியைத் திங்கட்கிழமை நானே கொண்டுபோய் எட்டாம் வகுப்புச் சுவரில் மாட்டினேன். அதற்கு முன் கிரைண்டரை வைத்து முன்பக்கத்தைத் தேய்த்தேன். உபயம் போனது, மு. தேவராஜ் போனது, தலைவர் போனது. வெறும் தகடு பளபளவென்று வந்தது. அதன் மேல் பெயின்ட் அடிக்கவில்லை.

டீச்சரின் நினைவாக எதை வைத்திருக்கிறீர்கள் என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். பெட்டி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. சாவி புது டீச்சரிடம். சீட்டைக் கீர்த்தனா மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள், அது அவளுடையது. என்னிடம் இருப்பது டீச்சர் அன்று அந்த அறையில் சொன்ன ஒரு வரிதான். உதாரணம் இருக்கு, அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசியே காலத்தை ஓட்டியவன் நான். இனி எந்தப் பிள்ளையாவது என்னிடம் வந்து ஒன்று சொன்னால், அது என்னோடு இருக்கும்.

கீர்த்தனா இந்த வரியை அடிக்கவில்லை.